டிராலி வருவதற்குள் விமானம் இறங்கிவிட்டது

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். போன மாதம் ஒரு மணி பத்து நிமிட உள்நாட்டு விமானத்தில் தனியாகப் போனார். டிக்கெட்டோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கும் முன்பே பணம் கட்டியிருந்தேன். விமானம் மேலே ஏறியதும், சாப்பாடு இதோ வந்துவிடும் என்று ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாலு வரிசை தள்ளி வந்துகொண்டிருந்த டிராலியைத் திடீரென்று பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லோரையும் சீட் பெல்ட் போடச் சொன்னார்கள். அதன்பிறகு சாப்பாடு வரவே இல்லை. இறங்கிப் பேருந்தில் நிற்கும்போது அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் ஒரு சாக்லேட் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். பணத்தையும் வாங்கிக்கொண்டு சாப்பாடும் தராதது அலட்சியம் இல்லையா? ஒரு மணி நேரம் போதாதா? அதற்கு முந்தைய பயணத்தில் கொடுத்த டீ வெந்நீர் மாதிரி இருந்தது என்றும் சொல்கிறார். இரண்டு மாதத்தில் மறுபடி போக வேண்டியிருக்கிறது. "இனி விமானமே வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மா பேருந்தில் நின்றதைச் சொல்லும் இடம் வந்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள் நான். கடைசி ஒன்பது வருடம் புதிதாகச் சேரும் பெண்களுக்கும் பையன்களுக்கும் பயிற்சி கொடுத்தேன். அம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊசி விஷயம். மற்றதெல்லாம் அப்புறம். சாப்பாட்டுத் தட்டு அம்மாவின் முன்னால் வந்து, மூடியைத் திறந்து, இது நம்மால் சாப்பிட முடிகிற சாப்பாடுதான் என்று பார்த்த பிறகுதான் ஊசி. அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட வேண்டாம். டிராலி கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டது, பணிப்பெண் "இதோ வருகிறேன்மா" என்று சொல்லிவிட்டார், இது எதையும் நம்பிப் போடக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். சாப்பாடு வராவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும்; அம்மாவுக்கு வியர்த்து நடுங்கியது அதனால்தான். வானத்தில் கால் மணி நேரத்துக்குள் என்னவெல்லாமோ மாறிவிடும். வீட்டில் அரை மணி முன்னதாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவராக இருந்தால், விமானத்தில் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவையும் நேரத்தையும் மாற்றிச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. ஒரு மணி நேரம் போதாதா?

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒரு மணி பத்து நிமிடம் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போன ஊரில் போய் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும், இறங்கியபின் ஊர்ந்து வந்து நிற்கவும் இருபது நிமிடம் கழிந்தால் மிச்சம் ஐம்பது. மேலே ஏறும்போது முதல் பத்து நிமிடம் நாங்களும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்போம். தரையிறங்குவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போதே டிராலியை உள்ளே தள்ளிப் பூட்டி, குப்பையை வாங்கி, ஒவ்வொரு வரிசையிலும் பெல்ட்டையும் மடக்குப் பலகையையும் பார்க்கத் தொடங்க வேண்டும். ஆக, பரிமாறக் கிடைப்பது இருபது நிமிடம். 180 சீட் உள்ள விமானத்தில் நாங்கள் நாலு பேர். ஐம்பது சீட்டுக்கு ஒருவர் என்பது பல நாடுகளில் விதி. இரண்டு டிராலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிராலி தொண்ணூறு பேரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் பதின்மூன்று நொடி. அந்தப் பதின்மூன்று நொடிக்குள் என்ன வேண்டும் என்று கேட்கவும், கொடுக்கவும், காசு வாங்கவும், மீதிச் சில்லறை தேடவும், "சர்க்கரை போடாமல்" என்பதைக் காதில் வாங்கவும் வேண்டும்.

சூடான சாப்பாடு என்றால் இன்னும் இறுக்கம். விமானத்தில் சமைப்பதில்லை. தரையில் சமைத்து, குளிர வைத்து ஏற்றிய உணவை மேலே ஓவன் அடுப்பில் சூடாக்குகிறோம். அதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் குறுகிய பயணங்களில் பெரும்பாலும் சாண்ட்விச், பிஸ்கட், பொட்டலத்தில் அடைத்த ஏதாவது ஒன்று என்று முடித்துவிடுகிறார்கள். விமானத்தில் முதன்முதலில் விற்கப்பட்ட சாப்பாடும் இப்படித்தான் இருந்தது. 1919 அக்டோபரில் லண்டனிலிருந்து பாரிஸ் போன ஹேண்ட்லி பேஜ் விமானத்தில், பெட்டியில் கட்டிய ஆறிய உணவை மூன்று ஷில்லிங்குக்குக் கொடுத்தார்கள். நூறு வருடம் கழித்தும் குறுகிய பயணத்துக்கு அந்தப் பெட்டிதான் சரிப்படுகிறது.

டிராலியை ஏன் திருப்பிக்கொண்டு போனார்கள் என்பதற்கு வருகிறேன். நிரம்பிய டிராலி ஒரு பெரிய ஆளின் எடை இருக்கும், சில சமயம் நூறு கிலோவைத் தொடும். அதைப் பிடித்து நிறுத்துவது காலடியில் உள்ள ஒரு சிவப்பு மிதி. விமானம் சட்டென்று கீழே விழுந்தாற்போல் இறங்கினால் டிராலி தரையை விட்டு எழும்பும். பிறகு யார்மேலாவது வந்து விழும். நடைபாதையை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிற பொருள் வேறு. அவசரத்தில் யாரும் அதைத் தாண்டி ஓட முடியாது. ஆகவே கேப்டனிடமிருந்து "உட்காருங்கள்" என்று வந்துவிட்டால், கையில் இருப்பது யாருடைய தட்டாக இருந்தாலும் வைத்துவிட்டு டிராலியைப் பூட்ட வேண்டியதுதான்.

நான் ஒருமுறை அப்படிச் செய்யவில்லை. வேலையில் சேர்ந்து மூன்றாம் வருடம். ஐம்பது நிமிடப் பயணம். வழியில் ஆட்டம் இருக்கும் என்று கேப்டன் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். சீக்கிரம் கொடுத்து முடித்துவிடலாம் என்று நானும் தோழியும் சூடான காபியோடு வெளியே வந்துவிட்டோம். பதினோராம் வரிசை. ஓரச் சீட்டில் ஒரு இளைஞர். கோப்பையில் பாதி ஊற்றியிருப்பேன். விமானம் ஒரு அடி இறங்கி ஒரு அடி ஏறியது, அவ்வளவுதான். பயணிகளில் பாதிப் பேருக்கு அது தெரிந்தே இருக்காது. ஜாடியிலிருந்த காபி தானாக எழும்பி அவர் தொடையில் கொட்டியது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை மேடம்" என்றார். கால்சட்டைத் துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தரையிறங்க உட்காரச் சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பயிற்சி வகுப்பில் பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன், அந்த "பரவாயில்லை"யையும் சேர்த்து.

அதனால் டிராலியைத் திருப்பியதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். அது சரி. அதற்குப் பிறகு நடந்ததுதான் தப்பு. முன்பே பணம் கட்டியவர்கள் யார், எந்தச் சீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் பணியாளர் கையில் இருக்கும். பரிமாற முடியாமல் போனால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, இறங்கும்போது வாசலிலாவது எடுத்துப் போகக் கூடிய ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஒரு குவளை தண்ணீரும் கொடுக்க யாரும் டிராலி இழுக்க வேண்டியதில்லை. இதை விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். விமான எண், தேதி, சீட் எண், சாப்பாட்டுக்குப் பணம் கட்டிய ரசீது, போர்டிங் பாஸ் இருந்தால் அதன் படம், எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். கொடுக்காத சாப்பாட்டுக்கான பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதோடு அம்மாவுக்கு நேர்ந்ததையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். பணத்தைவிட அந்த இரண்டு வரி முக்கியம், ஏனென்றால் பயிற்சி கொடுப்பவர்களின் மேசைக்குப் போவது அதுதான்.

அம்மா பணியாளரைக் கூப்பிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கூப்பிட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வயதுப் பெண்களை எனக்குத் தெரியும். தலைக்கு மேல் உள்ள பொத்தானை அழுத்தினால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியே அழுத்தினாலும் "கொஞ்சம் பசிக்கிறது" என்பார்கள். பசி என்று சொன்னால் நாங்கள் "இதோ" என்றுதான் சொல்வோம். 180 பேரில் நூறு பேருக்குப் பசி. "எனக்குச் சர்க்கரை இறங்குகிறது, இன்சுலின் போட்டிருக்கிறேன்" என்று சொன்னால் கதையே வேறு. அது எங்களுக்கு முதலுதவி. பழச்சாறோ சர்க்கரைப் பொட்டலமோ உடனே கைக்கு வரும். எங்களால் எழுந்திருக்க முடியாத ஆட்டமாக இருந்தால்கூட, முன் வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்பச் சொல்வோம், பயணிகளிடம் இனிப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்போம். அந்த ஒரு வாக்கியத்தை அம்மாவுக்குச் சொல்லிப் பழக்குங்கள். வெளியூர் போனால் அந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் ஒரு சின்ன அட்டையில் எழுதி, போர்டிங் பாஸோடு வைத்துக் கொடுங்கள்.

இன்னும் நல்லது, விமானத்துக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவது. வாசலில் நின்று வணக்கம் சொல்கிறோமே, அது மரியாதைக்கு மட்டும் இல்லை. யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் தடுமாறுகிறார்கள், அவசரத்தில் யார் எங்களுக்கு உதவுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1930இல் அமெரிக்காவில் எலன் சர்ச் என்பவர் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவர் செவிலியர். அவரோடு சேர்ந்த மற்ற ஏழு பெண்களும் செவிலியர்கள்தான். இந்த வேலை டிராலியோடு தொடங்கவில்லை, ஆளைப் பார்த்துக்கொள்வதோடு தொடங்கியது. அதனால் அம்மா வாசலில் நின்று, "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஊசி போடுகிறவள், பதினாலாம் வரிசையில் இருக்கிறேன்" என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அவரையும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.

இனி கைப்பையில் என்ன இருக்க வேண்டும் என்பது. அம்மாவின் உடம்புக்குத் தேவையான சாப்பாடு அம்மாவின் பையிலேயே இருக்கட்டும். விமானத்தில் தருவதை அதற்கு மேல் கிடைப்பதாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பை தலைக்கு மேல் உள்ள அறையில் போகக் கூடாது, முன் சீட்டுக்கு அடியில் காலடியில் இருக்க வேண்டும். பெல்ட் போடச் சொல்லிவிட்டால் மேலே கை நீட்டி எடுக்க முடியாது. ஓடுபாதையில் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தாலும் அதே நிலைமைதான். அப்போது டிராலியும் வராது.

சர்க்கரை இறங்கினால் உடனே எடுக்க குளுக்கோஸ் மாத்திரைகள் நல்லது. உடைந்து ஒழுகாது, சோதனையில் யாரும் தடுக்க மாட்டார்கள். எங்கள் முதலுதவி வகுப்பில் சொல்வது இது: ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் வேகமான சர்க்கரை, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை, ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ அரைக் கோப்பைப் பழச்சாறோ ஏறக்குறைய அந்த அளவு வரும். பேருந்தில் சாக்லேட் கொடுத்த அந்தப் பெண்ணுக்குப் புண்ணியம். ஆனால் சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். வேறு ஒன்றும் இல்லாதபோதுதான் அது. அம்மா மயங்கிப் போய் விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் கூட வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். இது ஊசி போடுகிறவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

இன்சுலினை ஒருபோதும் சரக்குப் பெட்டியில் அனுப்பாதீர்கள். உறைந்து கெட்டுவிடலாம், பெட்டியே வராமலும் போகலாம். பேனா ஊசி என்றால் பயணத்தின்போது அதில் ஊசி முனையை மாட்டி வைக்கக் கூடாது. போடும்போது மாட்டி, போட்டதும் கழற்றிவிட வேண்டும். மேலே ஏறும்போது கேபினுக்குள், அதாவது பயணிகள் உட்காரும் பகுதிக்குள், காற்றழுத்தம் குறைவதால் முனை வழியாக மருந்து கசியும், அளவு தப்பும். தயிர்க் கோப்பையின் மூடி திறக்கும்போது சட்டையில் தெறிப்பதும், சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதும் இதே காரணத்தால்தான். கேபினில் அழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்குவரை இறங்கும். வயிற்றுக்குள் உள்ள வாயுவும் அப்படியே மூன்றில் ஒரு பங்கு விரியும். அதனால் கிளம்புவதற்கு முன் பருப்பு வகை, கோஸ், சோடா பானங்கள் வேண்டாம். தண்ணீர் அவ்வப்போது குடிப்பது நல்லது. சோதனைக்கு முன் காலி பாட்டிலாக எடுத்துப் போய் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். திரவங்களுக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். மருந்தாகத் தேவைப்படுபவற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், மருத்துவரின் சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும்.

டீ விஷயம். அம்மா சொன்னது சரி, அவர் நாக்கில் குறை இல்லை. கேபின் அழுத்தம் எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதைப் போல இறங்கும்போது தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் இறங்க வேண்டிய டீ அதில் முழுசாக இறங்காது. குறுகிய பயணத்தில் ஊற வைக்கவும் நேரம் இல்லை. அதோடு நாக்கும் மாறிவிடுகிறது. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தார் 2010இல் ஒரு விமானத்தின் கேபினை அழுத்த அறைக்குள் வைத்து ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். உப்பு இருபது முதல் முப்பது சதவீதமும், இனிப்பு பதினைந்து முதல் இருபது சதவீதமும் குறைவாகத் தெரிந்ததாம். காற்று வறண்டு மூக்கு காய்ந்து போவதும், எஞ்சின் இரைச்சலும் இதற்குக் காரணம். அம்மாவுக்கு இதில் ஒரு கவனம் வேண்டும். சாப்பாடு சப்பென்று இருக்கிறதே என்று சர்க்கரையோ உப்போ மேலே அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. உள்ளே போகிற அளவு தரையில் போகிற அளவேதான்.

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், காலை விமானமாகப் பாருங்கள். அம்மா வழக்கமாக எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் என்றால் வீட்டிலேயே ஊசி போட்டு, சாப்பிட்டு, பதினொன்று பன்னிரண்டுக்குள் போய் இறங்குகிற மாதிரி எடுங்கள். சாப்பாட்டு நேரம் வானத்தில் வராமல் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். வெயில் ஏறிய மதியத்தைவிடக் காலையில் ஆட்டமும் பொதுவாகக் குறைவு. சீட்டை நடைபாதை ஓரமாக எடுங்கள். கிளம்புவதற்கு முன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேருந்தில் நிற்பது, பெட்டிக்காகக் காத்திருப்பது, அழைக்க வருகிறவரைத் தேடி நடப்பது எல்லாம் சேர்ந்து இன்னொரு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாதவருக்கு அதுவும் பயணத்தின் ஒரு பகுதிதான். தனியாகப் போவதென்றால் டிக்கெட் எடுக்கும்போதே உதவியாளரைக் கேட்டுப் பதிவு செய்யலாம், பெரும்பாலான இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

"விமானமே வேண்டாம்" என்று அம்மா சொல்வதை நான் பயமாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கை நடுங்கி நின்றது அவருக்கு மனக்கஷ்டமாக இருந்திருக்கும். அதனால் பையைக் கட்டும்போது அவரையே கட்டச் சொல்லுங்கள். மாத்திரை எந்த அறையில், பிஸ்கட் எந்த அறையில், அட்டை எங்கே என்று அவர் கையாலேயே வைக்கட்டும். ஒருநாள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் பையை வைத்து, குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கட்டும். போய்ச் சேர்ந்ததும் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.